உயிருள்ள எடுத்துக்காட்டும் அதன் இருப்பிடமும்: திறந்த மூல வரைகலை நிரல்நூலகங்கள் பற்றிய ஒரு நோக்கு

தொல்காப்பிய உரைகளைப் பயில்வோர் அறிந்த செய்தியொன்றுடன் இக்கட்டுரையைத் தொடங்குதல் பொருந்தும். சூத்திரத்துக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் முதலானோர் எடுத்துக்காட்டுகளை இருவகையாகத் தருவர். சிலவிடத்துச் செய்யுளை முழுமையாக எழுதிக் காட்டுவர். சிலவிடத்து அதன் முதற்றொடரை மாத்திரம் சுட்டி, எஞ்சியதைக் கற்போனின் நினைவுக்கு விட்டுவிடுவர். தகடூர் யாத்திரை முழு நூலாக நமக்குக் கிடைத்திலது. அதன் செய்யுள்கள் சில, உரைகளிலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் எடுத்தெழுதப்பட்டமையாலேயே எஞ்சியுள்ளன. மூலம் மறைந்தவிடத்து, எடுத்தெழுதப்பட்ட காட்டு வாழ்ந்தது. சுட்டப்பட்ட காட்டு வெறுஞ் சுட்டாக நின்றது.

எடுத்துக்காட்டு எங்கே தங்கியிருக்கிறது என்னும் இவ்வினா, இன்று முற்றிலும் வேறானதொரு துறையில் மீண்டும் எழுந்துள்ளது. கணினித் திரையில் ஓவியமும் விளக்கப்படமும் வரைவதற்கான திறந்த மூல நிரல்நூலகங்கள் கடந்த கால் நூற்றாண்டில் பல தோன்றின. அவற்றைக் கற்பிக்கும் எடுத்துக்காட்டுகள் படிப்பதற்கு மட்டுமன்றி, இயங்குவதற்கும் உரியவை. அவ்வாறு இயங்கும் எடுத்துக்காட்டுகளை யார், எங்கே, எவர் செலவில் வைத்திருக்கின்றனர் என்பது பெரும்பாலும் தொழினுட்பவியலாளரின் சில்லறை விடயமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அது உண்மையில் உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றிய வினாவே என்பதைப் புலப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எடுத்துக்காட்டு இயங்குதல் என்பதன் பொருள்

வரைகலை நிரல்நூலகம் என்பது கோடு, வட்டம், நிறம், அசைவு, முப்பரிமாண உருவம் ஆகியவற்றைத் திரையில் தோற்றுவிப்பதற்கான கட்டளைகளின் தொகுதியாகும். இதனை அச்சு நூலின் துணையுடன் கற்பிக்கலாம். ஆயின், அச்சிட்ட நிரலைக் கற்போர் தாமே தட்டெழுதி, தமது கணினியில் உரிய மென்பொருளை நிறுவி, பிழை களைந்த பின்னரே பயனைக் காண்பர். உயிருள்ள எடுத்துக்காட்டிலோ, நிரலும் அதன் பயனாகிய படமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. வட்டத்தின் விட்டம் 50 என்றிருப்பதைக் கற்பவர் 80 என மாற்றி இயக்கின், கண்ணெதிரே வட்டம் பெருக்கின்றது.

இம்மாற்றம் கற்பித்தல் வசதி மட்டுமன்று. வால்ரர் பென்ஜமின் 1934 இல் எழுதிய 'உற்பத்தியாளனாக ஆசிரியன்' என்னும் உரையில், எழுத்தாளன் தனது ஆக்கத்தில் என்ன கருத்தைக் கூறுகிறான் என்பதோடு, உற்பத்திக் கருவியமைப்பினை எவ்வாறு மாற்றுகிறான், வாசகனை எவ்வாறு உற்பத்தியாளனாக்குகிறான் என்பனவற்றையும் அளவுகோலாகக் கொண்டார். வாசகர் திருத்தி இயக்கக்கூடிய எடுத்துக்காட்டு, அவ்வளவுகோலுக்குப் பெரிதும் இயைந்து வருவதாகும். அதனைப் படிப்பவர் அக்கணமே அதன் இணையாசிரியராகின்றார். இத்துறையில் அக்கறை கொள்வதற்கு முற்போக்கு எண்ணமுடையோருக்கு உள்ள நியாயம் இதுவே.

எடுத்துக்காட்டொன்று இயங்குவதற்கு நான்கு பொருள்கள் வேண்டும்: நிரலின் பாடம், அது துணைக்கொள்ளும் நிரல்நூலகம், அது பயன்படுத்தும் படம், எழுத்துரு, தரவு ஆகியன, இவையனைத்தையும் வாசித்துச் செயற்படுத்தும் மேலோடி, அஃதாவது உலாவி. இவற்றுள் முதல் மூன்றும் ஏதேனுமொரு சேவையகத்தில் தங்கியிருந்து வாசகரை வந்தடைகின்றன. நான்காவது வாசகரின் கணினியில் உள்ளது. வரைதல் வேலை முழுவதையும் மேலோடியே செய்தலால், சேவையகம் கோப்புகளை எடுத்துக் கொடுத்தாற் போதும். அதற்கு ஆகும் செலவு சிறிது. ஆனால், வாசகர் செய்த திருத்தங்களையும் சேமித்து வைக்க வேண்டுமாயின், பயனர் கணக்கு, தரவுத்தளம், இடையறாத பராமரிப்பு என்பன தேவைப்படும். செலவும் உழைப்பும் அங்கேயே பன்மடங்காகப் பெருகுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலை நமது மேலோடி இயக்குவதென்பது, அயலார் ஒருவரை வீட்டினுள் அனுமதிப்பதை ஒக்கும். அந்நிரல் தளத்தின் உட்புகுசான்றுகளைத் திருட முயலலாம். அன்றி, முடிவின்றிச் சுழன்று கணினியை முடக்கலாம். இதனாலேயே எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தினுள் தனியானதோர் அடைப்புச் சட்டத்தில், வேறொரு தள முகவரியின் கீழ் இயக்குவது நல்வழக்காயிற்று. எனவே, எடுத்துக்காட்டுக்கு இடங்கொடுப்பதென்பது காவலும் பொறுப்பும் இணைந்த ஒரு தொடருழைப்பாகும்.

2. புறொசெசிங்: ஒரு தலைமுறை எடுத்துக்காட்டுகளின் மறைவு

இவ்வகையில் நன்கு ஆராயத்தக்க வரலாறு 'புறொசெசிங்' என்னும் திட்டத்தினுடையது. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜோன் மயேடா தலைமையிலான ஆய்வுக்குழுவைச் சேர்ந்த கேசி றீஸ், பென் பிறை ஆகியோர் 2001 இல் இதனைத் தொடங்கினர். ஓவியரும் வடிவமைப்பாளரும் மாணவரும் நிரலெழுதக் கற்கவேண்டும் என்பது அவர்தம் நோக்கம். அதில் எழுதப்படும் சிறு நிரலுக்கு 'வரைவு' எனப் பொருள்படும் பெயரையே வழங்கினர். ஓவியன் தாளிற் கிறுக்கிப் பார்ப்பதுபோல் நிரலையும் எழுதிப் பார்க்கலாம் என்பது அதன் உட்கிடை.

புறொசெசிங் ஜாவா மொழியின் மேல் அமைந்தது. ஒருவர் எழுதிய வரைவினை ஒரு கட்டளையால் 'அப்லெற்' எனப்படும் சிறுசெயலியாக்கி, இணையப் பக்கத்தில் வைக்க முடிந்தது. படத்தின் கீழ் அதன் மூலநிரலுக்கான இணைப்பும் அமைந்திருக்கும். இவ்வாறு ஆசிரியரும் மாணவரும் தத்தம் பல்கலைக்கழகச் சேவையகங்களில் எடுத்துக்காட்டுகளை வைத்தனர். ஒருவரது வரைவினைப் பார்த்து மற்றவர் கற்கும் வழக்கம் இதனாலே வலுப்பெற்றது.

ஆயின், அப்லெற்றினை இயக்குவதற்கு மேலோடியினுள் ஜாவாவின் செருகுநிரல் இருத்தல் வேண்டும். ஜாவாவை உருவாக்கிய சண் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தை ஒறக்கிள் நிறுவனம் 2010 இல் தனதாக்கிக்கொண்டது. அச்செருகுநிரலில் பாரதூரமான பாதுகாப்புக் குறைகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. 2013 இல் வெளிவந்த புறொசெசிங் 2.0, அப்லெற் ஆக்கும் வசதியைக் கைவிட்டது. கூகிளின் குரோம் மேலோடி 2015 செப்ரெம்பரிலும், பயர்பொக்ஸ் 2017 மார்ச்சிலும் அத்தகைய செருகுநிரல்களுக்கு இடங்கொடுப்பதை நிறுத்தின. 2018 இல் வெளிவந்த ஜாவா 11 ஆம் பதிப்பில் அச்செருகுநிரலே இல்லாதொழிந்தது.

இங்கு நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கோப்புகள் அழியவில்லை, சேவையகங்களும் பல தொடர்ந்து இயங்கின, மூலநிரலின் உரிமமும் மாறவில்லை. எனினும், எடுத்துக்காட்டுகள் இருந்த இடங்களில் வெற்றுச் சாம்பல்நிறக் கட்டங்களே எஞ்சின. பாதுகாப்புக் காரணத்தால் அம்முடிவு நியாயமானதே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், முடிவை எடுத்தோர் சிலர். அதன் சுமையைத் தாங்கியோர் வேறு பலர். வரைவுகளைப் புதிய வடிவிற் பெயர்த்தெழுதும் உழைப்பு, கூலியின்றி, ஆசிரியர் தலையிலும் மாணவர் தலையிலும் விழுந்தது.

அவ்வுழைப்பின் பயனாகவே மாற்று வழியும் பிறந்தது. ஜோன் றெசிக் 2008 இல் வெளியிட்ட புறொசெசிங் ஜேஎஸ், செருகுநிரல் எதுவுமின்றி, மேலோடியின் சொந்த மொழியாகிய ஜாவாஸ்கிரிப்றிலே வரைவுகளை இயக்கிக் காட்டிற்று. லோறன் மக்கார்த்தி 2013 இல் தொடங்கிய பி5 ஜேஎஸ், புறொசெசிங்கின் நோக்கத்தையே இணையத்துக்கென மீள வடிவமைத்தது. இதற்கென ஒரு தொகுப்புச் செயலியும் மேலோடியிலேயே இயங்குமாறு ஆக்கப்பட்டது. 2012 இல் நிறுவப்பட்ட இலாபநோக்கற்ற புறொசெசிங் அறக்கட்டளை அதனைப் பராமரிக்கின்றது. தனியொரு நிறுவனத்தின் செருகுநிரலிலிருந்து பொதுத் தராதரங்களுக்கு மாறியமை இவ்வரலாற்றின் முற்போக்கான கூறு எனலாம்.

3. பிறர் நிலத்திற் கட்டிய வீடு

தரவுகளை விளக்கப்படமாக்கும் டி3 என்னும் நிரல்நூலகம் 2011 இல், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில், மைக் பொஸ்ரொக், வாடிம் ஒகிவெற்ஸ்கி, ஜெப்றி ஹியர் ஆகியோரால் வெளியிடப்பட்டது. அது பரவியமைக்கு அதன் எடுத்துக்காட்டுகளே பெருங்காரணம். பொஸ்ரொக் 'பிளொக்ஸ்' என்றொரு தளத்தை அமைத்தார். அதன் பொறிமுறை எளியது. எளிமையிலேயே அதன் வலிமையும் வலுவின்மையும் அடங்கியிருந்தன. கிற்ஹப் நிறுவனத்தின் 'ஜிஸ்ற்' என்னும் இலவசக் குறிப்பேட்டில் ஒருவர் தமது நிரலை இட்டால், பிளொக்ஸ் அதனை அங்கிருந்து எடுத்து, மேலே படமும் கீழே நிரலுமாகக் காட்டும். தளம் தானாக எதனையும் சேமிப்பதில்லை. எனவே, செலவு மிகக் குறைவு, எவரும் பங்குகொள்ளலாம்.

ஆயின், ஓர் எடுத்துக்காட்டு உயிருடன் இருப்பதற்கு ஜிஸ்ற் இருக்கவேண்டும், பிளொக்ஸ் இருக்கவேண்டும், நிரல்நூலகத்தின் உரிய பதிப்பு உரிய முகவரியில் இருக்கவேண்டும். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் வெவ்வேறு கைகளில் இருந்தது. 2016 இல் வந்த டி3 நான்காம் பதிப்பு பல கட்டளைகளின் பெயரையே மாற்றியமையால், மூன்றாம் பதிப்புக்கு எழுதியவை அதில் இயங்கா. 2018 இல் கிற்ஹப் நிறுவனத்தை மைக்ரோசொப்ற் 750 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பிளொக்ஸ் தளமும் பின்னர் நிறுத்தப்பட்டது. ஜிஸ்ற்றில் நிரலின் பாடங்கள் கிடக்கின்றன. அவற்றை இயங்கச் செய்த அரங்கு கலைந்துவிட்டது.

இது தனிநிகழ்ச்சியன்று. கிற்ஹப்பிலுள்ள கோப்புகளை மேலோடி இயக்கத்தக்க வடிவில் வழங்கிவந்த 'றோகிற்' என்னும் இலவசச் சேவை, தான் முடிவுறுவதாக 2018 ஒக்ரோபரில் அறிவித்தது. தீய நிரல்களைப் பரப்புவோர் அதனைப் பயன்படுத்தத் தலைப்பட்டமையும் அதற்கு ஒரு காரணமாயிற்று. நிரல்களை எழுதி இயக்கிப் பகிர்வதற்குப் பலரும் பயன்படுத்திய 'கிளிற்ச்' என்னும் தளம் 2022 இல் பாஸ்ற்லி என்னும் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2025 யூலை 8 ஆம் தேதியுடன் அது பயனரின் செயலிகளுக்கு இடமளிப்பதை நிறுத்திக்கொண்டது.

வரைகலை சாராததெனினும், இன்னொரு நிகழ்ச்சி இவ்விடத்து நினைக்கத்தக்கது. பழைய மேலோடிகளுக்குத் துணைநிற்கும் 'பொலிபில்' என்னும் திறந்த மூலச் சேவை, பினான்சியல் ரைம்ஸ் நிறுவனத்திலே தோன்றியது. அதன் நிரல் எவரும் எடுத்தாளக்கூடியது. ஆனால், அது வழங்கப்பட்டுவந்த இணைய முகவரி 2024 பெப்ரவரியில் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறிற்று. அவ்வாண்டு யூன் மாதத்தில், அம்முகவரியினின்று வரும் நிரலில் தீங்கு விளைக்கும் பகுதிகள் கலக்கப்படுவது கண்டறியப்பட்டது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் அம்முகவரியைச் சுட்டி நின்றன. அத்தளங்களில் எவரும் ஒரு வரியையேனும் மாற்றவில்லை. சுட்டப்பட்ட நிலத்தின் உடைமை மாறியதே போதியதாயிற்று.

4. உரிமமும் உடைமையும்

மேற்போந்த செய்திகள் ஒரு முரண்பாட்டை வெளிக்கொணர்கின்றன. திறந்த மூல உரிமம் நிரலின் பாடத்தை விடுவிக்கின்றது: எவரும் அதனைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆயின், அப்பாடம் இயங்கும் இடத்தை அது விடுவிப்பதில்லை. இணைய முகவரி ஆண்டுதோறும் பணம் செலுத்திப் பெறப்படுவது. உடைமையாளன் நிலத்துக்கு வாங்கும் வாடகையின் இயல்பு அதற்குண்டு. சேவையகம் நிறுவனங்களின் உடைமை. மேலோடியின் போக்கினைத் தீர்மானிப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அச்சிட்ட நூல் விற்கப்பட்டபின் அச்சகம் மூடப்படினும் நூல் வாசகன் கையில் இருக்கும். உயிருள்ள எடுத்துக்காட்டோ ஒவ்வொரு வாசிப்பிலும் மீண்டும் உற்பத்தி செய்யப்படுகின்றது. ஆதலின், உற்பத்திச் சாதனத்தை உடையவன் ஒவ்வொரு வாசிப்பையும் தடுக்க வல்லவன்.

மார்க்ஸ் 1857-58 ஆம் ஆண்டுகளில் எழுதிய, குறுண்ட்றிசே எனப்படும் கையெழுத்துப்படிகளில், சமூகத்தின் பொது அறிவுத்திறன் எவ்வாறு நேரடியான உற்பத்திச் சக்தியாகின்றது என்பதை இயந்திரங்கள் பற்றிய பகுதியில் விவரித்துள்ளார். பலர் கூடிக் கூலியின்றி எழுதிய எடுத்துக்காட்டுகள் அத்தகைய பொது அறிவின் திரட்சியே. இலவச இடம் தரும் நிறுவனம் அத்திரட்சியால் தனது தளத்துக்கு மதிப்பையும் பயனரையும் பெறுகின்றது. பின்னர் அது விற்கப்படும்போது விலை உடைமையாளரைச் சேர்கின்றது; மூடப்படும்போது இழப்பு எழுதியோரைச் சேர்கின்றது. அறிவின் உற்பத்தி சமூகமயமாகியுள்ளது; அதன் இருப்பிடம் தனியுடைமையாக உள்ளது.

இதனை யாந்திரிகமாக விளங்கிக்கொள்ளுதல் தவறாகும். இலவச இடங்கள் வெறும் சூழ்ச்சி என்போர், அவையின்றேல் பொருள்வசதியற்ற மாணவர் பலர் தமது ஆக்கத்தை வெளியிட்டிருக்கவே முடியாது என்பதை மறந்துவிடுகின்றனர். மறுபுறத்தில், பழையன கழிதல் தொழினுட்பத்தின் இயல்பு என அமைதி கூறுவோர், எது கழியவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கின்றனர் என்னும் வினாவை மறைத்துவிடுகின்றனர். பிளொக்ஸ் பிறர் நிலத்தில் நின்றமையாலேயே விரைந்து வளர்ந்தது; அதனாலேயே நிலையின்றியும் இருந்தது. இவ்விரண்டும் ஒரே உறவின் இரு பக்கங்களாம்.

5. செயற்குரியன

இம்முரண்பாட்டைத் தனியொரு திட்டம் தீர்த்துவிட முடியாது. எனினும், அதன் கேடுகளைக் குறைக்கும் நடைமுறைகள் அனுபவத்திலிருந்து பெறப்பட்டுள்ளன. அவற்றுள் தலையாயது, எடுத்துக்காட்டுகளை நிரல்நூலகத்தின் மூலத்தோடு ஒரே களஞ்சியத்தில், ஒரே உரிமத்தின் கீழ் வைத்தல். பி5 ஜேஎஸ் இதில் ஒரு படி மேற்சென்றுள்ளது. அதன் கட்டளைகளுக்குரிய எடுத்துக்காட்டுகள் மூலநிரலின் உள்ளேயே, அவ்வக் கட்டளைக்கான விளக்கக் குறிப்புகளில் எழுதப்பட்டுள்ளன. அவற்றிலிருந்தே இயங்கும் பக்கங்கள் ஆக்கப்படுகின்றன. நூலகத்தைப் படியெடுப்போர் அனைவரும் எடுத்துக்காட்டுகளையும் உடன் படியெடுக்கின்றனர். சூத்திரமும் உரையும் காட்டும் ஒரே சுவடியில் அமைந்தாற்போல்வது இது.

இரண்டாவது, பதிப்பினை நிலைப்படுத்துதல். மிகப் புதிய பதிப்பைத் தருக எனச் சுட்டும் எடுத்துக்காட்டு இன்று இயங்கி, நாளை பொய்க்கும். 2025 இல் வந்த பி5 ஜேஎஸ் 2.0, படங்களை முன்கூட்டி ஏற்றுதற்கிருந்த 'பிறீலோட்' என்னும் முறையைக் கைவிட்டு வேறு முறையைப் புகுத்தியுள்ளது. முந்திய பதிப்பின் எண்ணைத் தெளிவாகக் குறித்துள்ள வரைவுகள் இம்மாற்றத்தாற் பாதிப்புறா. மூன்றாவது, நிரல்நூலகம், படம், எழுத்துரு, தரவு என்பனவற்றை அயல் முகவரிகளிற் சுட்டாது எடுத்துக்காட்டுடனேயே வைத்தல். அயல் முகவரி தவிர்க்கவியலாதவிடத்து, வந்த கோப்பு எதிர்பார்த்த கோப்புத்தானா எனச் சரிபார்க்கும் குறியீட்டை இணைக்கும் வசதி மேலோடிகளில் உண்டு; பொலிபில் நிகழ்ச்சி அதன் தேவையை உணர்த்திற்று.

நான்காவது, இயன்றவிடத்தெல்லாம் நிலையான கோப்புகளோடு அமைதல். வெறுங் கோப்புகளாலான எடுத்துக்காட்டுத் தொகுதியை ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பொழுதிற் பெயர்த்துவிடலாம். பல்கலைக்கழகமோ நூல்நிலையமோ அதன் படியொன்றை வைத்திருக்கலாம். தரவுத்தளத்தோடு பிணைந்தது அவ்வாறு எளிதிற் பெயராது. ஐந்தாவது, தளத்தின் முகவரியும் நிருவாகமும் தனியொருவர் பெயரில் இராது, கூட்டான அமைப்பொன்றின் பொறுப்பில் இருத்தல். தனிமனிதரின் சலிப்பும் நோயும் வறுமையும் பொதுச்சொத்தின் ஆயுளைத் தீர்மானிக்கலாகாது.

இவற்றுள் எதுவும் உழைப்பின்றி நிகழாது. பராமரிப்பு என்பது புதுமை படைத்தலைப் போற் புகழ் தராத வேலை. நன்கொடைகளும் தற்காலிக உதவித்தொகைகளும் அதனை ஓரளவே தாங்குகின்றன. கல்விக்கூடங்கள் இக்கருவிகளை இலவசமாகப் பயன்படுத்துகின்றன. ஆய்வேடுகளிலும் பாடத்திட்டங்களிலும் அவற்றின் எடுத்துக்காட்டுகளைச் சுட்டுகின்றன. அவற்றின் இருப்பிடத்தைக் காக்கும் பொறுப்பிலும் அவை பங்கேற்றல் நீதியாகும். குறைந்தபட்சம், தாம் சுட்டும் எடுத்துக்காட்டின் இயங்கக்கூடிய படியொன்றைத் தத்தம் நூலகத்திற் பேணுதல் எந்தவொரு பல்கலைக்கழகத்துக்கும் இயலாததன்று.

உரைகாரர் எடுத்தெழுதிய செய்யுள் பிழைத்தது தற்செயலாக இருக்கலாம். உயிருள்ள எடுத்துக்காட்டுகளைப் பொறுத்தவரை தற்செயலை நம்பியிருக்கவேண்டிய நிலையில் நாம் இல்லை. அவை எவ்வாறு மறைகின்றன என்பதை அறிந்துள்ளோம். எவர் முடிவால் மறைகின்றன என்பதையும் அறிந்துள்ளோம். நிரலின் பாடம் பொதுவுடைமையாயின் போதும் என்னும் எண்ணம், பொருளியல் அடித்தளத்தைக் காணாத கருத்துமுதல்வாதத்தின் ஒரு சாயலே. பாடத்தோடு அது இயங்கும் இடமும் அதனைப் பேணும் உழைப்பும் பொதுமையாகும்போதே, வாசகரை உற்பத்தியாளராக்கும் அவ்வாக்கங்கள் அடுத்த தலைமுறையினரின் கைக்கு எட்டும்.